தபால் மூட்டையோடு பறந்த ஜே.ஆர்.டி. டாடா



இந்த மாதம் சாதனையாளர் பக்கம் எழுதும் வாய்ப்பு ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கிறது. நான் ஒரு விமானியைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும், ரைட் சகோதரர்களா என்றுதான் எல்லாரும் கேட்டாங்க. இல்லை. ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் எஞ்சின் வைத்த விமானத்தில் பறந்தது நம் எல்லாருக்கும் தெரியும். நான் எழுதப் போவது இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி உரிமங்களில் முதல் எண்ணை வாங்கியவரைப் பற்றி. அவர்தான் ஜே.ஆர்.டி. டாடா.

பெயரைக் கேட்டதும் எங்க வகுப்பில் சிலர் இன்னொரு கேள்வி கேட்டாங்க. அவர் பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை, விமானம் வாங்கினார், பறந்தார், இதில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளான நமக்கு என்ன இருக்கு என்று. நியாயமான கேள்விதான். அதை மனசில் வைத்துக்கொண்டேதான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன். கடைசி வரை படித்துவிட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

கடற்கரையில் இறங்கிய விமானம்

ஜே.ஆர்.டி.யின் முழுப்பெயர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. அவர் 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் தலைநகர் பாரிசில் பிறந்தார். அப்பா ரத்தன்ஜி தாதாபாய் டாடா, பார்சி இனத்தவர். டாடா நிறுவனத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு உறவினர். அம்மா சூசான் பிரெஞ்சுக்காரர். அதனால் சின்ன வயசில் பாதி நாள் பிரான்ஸ், பாதி நாள் இந்தியா என்று ஊர் மாறி மாறி வளர்ந்தார்.

பிரான்சின் வடக்கே ஹார்டெலோ என்ற கடற்கரை ஊரில் அவங்க குடும்பம் விடுமுறைக்குத் தங்கும். அந்த ஊரில் அவங்களுக்கு அக்கம்பக்கமாக இருந்தவர் யார் தெரியுமா? லூயி பிளெரியோ! பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலில் தாண்டியவர் அவர்தான். அவர் தாண்டிய நாள் 1909 ஜூலை 25. அதிலிருந்து சரியாக நாலாம் நாள் நம்ம ஜே.ஆர்.டி.க்கு 5 வயசு முடிந்தது.

பிளெரியோவின் விமானங்கள் அந்தக் கடற்கரை மணலில் வந்து இறங்கும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் பையனும் இருந்தான். 15 வயசில் அதே ஊரில் ஒரு விமானத்தில் சிறிது நேரம் சவாரி போனான். இறங்கும்போதே தானும் விமானி ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். ஆனால் அந்த ஆசை நிறைவேற இன்னும் 9 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

படிப்பு நின்றது

பணக்கார வீடாக இருந்தாலும் ஜே.ஆர்.டி.யின் இளமைக் காலத்தில் நிறைய துக்கம் இருந்தது. அம்மா காசநோயால் 1923இல் இறந்துவிட்டார். அவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க ரொம்ப ஆசை. ஆனால் 1925இல் அப்பா கூப்பிட்டதால் படிப்பை விட்டுவிட்டு பம்பாய்க்கு வந்து டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் இல்லாத பயிற்சியாளர் வேலை. அடுத்த வருஷமே, 1926இல், அப்பாவும் இறந்துபோனார். அப்போது ஜே.ஆர்.டி.க்கு 22 வயசு. தம்பி தங்கைகள் உள்ள குடும்பத்தின் பாரம் முழுக்க அவர் தலையில். அப்பா வைத்த கடனை அடைக்க வீட்டைக்கூட விற்றார்கள்.

கல்லூரிப் பட்டம் வாங்க முடியவில்லையே என்ற குறை அவருக்குக் கடைசி வரை இருந்தது. அதனால் ராத்திரியில் உட்கார்ந்து தானே புத்தகங்களை வாங்கிப் படித்தார். இதை நான் ஏன் எழுதுறேன்னா, பத்தாவதோடு படிப்பு நின்று தறியில் உட்கார்ந்த அக்கா அண்ணன்கள் நம்ம தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்காங்க. பள்ளிக்கூடம் நின்றாலும் படிப்பு நிற்கத் தேவையில்லை என்று அவங்களுக்கும் சொல்லலாம் இல்லையா?

உரிமம் எண் 1

1928ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவின் பெரிய நகரங்களில் பறக்கும் மன்றங்கள் தொடங்கினாங்க. பம்பாயிலும் ஒன்று வந்தது. விஷயம் தெரிந்ததும் ஜே.ஆர்.டி. ஓடிப்போய்ச் சேர்ந்தார். பயிற்சி ஆசிரியரோடு மொத்தம் 3 மணி 45 நிமிடம்தான் பறந்து கற்றுக்கொண்டார். அதற்கு அப்புறம் தனியாகவே பறந்துவிட்டார்! நாம சைக்கிள் கற்றுக்கொள்ளவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வோம்.

1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு உரிமம் கிடைத்தது. அதில் எண் 1 என்று இருந்தது. இதில் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னாலேயே பறந்த இந்தியர்கள் உண்டு. முதல் உலகப் போரில் இந்திரலால் ராய் என்ற வங்காள இளைஞர் இங்கிலாந்து படையில் போர் விமானியாக இருந்து 1918இல் 19 வயசில் உயிர் விட்டார். ஆனால் இந்திய மண்ணில் கற்று, இந்தியாவிலேயே கொடுத்த உரிமத்தை முதலில் வாங்கியவர் ஜே.ஆர்.டி.தான். அதே 1929இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டார்.

போட்டியில் கொடுத்த பிளக்

இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கவனமாகப் படியுங்கள்.

ஆகா கான் ஒரு போட்டி அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ, இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ தனியாக விமானம் ஓட்டிப் போகும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். 1930இல் மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் மன்மோகன் சிங் (பிரதமராக இருந்தவர் அல்ல, அதே பெயருள்ள விமானி). இன்னொருவர் 17 வயசு ஆஸ்பி எஞ்சினியர். அவர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். மூன்றாவது ஆள் ஜே.ஆர்.டி. அவர் மே 3ஆம் நாள் கராச்சியிலிருந்து கிளம்பினார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாகப் பறந்து வந்தார்கள்.

வழியில் எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் ஜே.ஆர்.டி. இறங்கினார். அங்கே இன்னொரு சின்ன விமானம் நின்றுகொண்டிருந்தது. பார்த்தால் ஆஸ்பி! எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லாமல் மேலே போக முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். பிளக் என்றால் நமக்குத் தெரியும். அப்பாவின் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா மெக்கானிக் அண்ணன் முதலில் கழற்றித் துடைத்துப் பார்ப்பது அதைத்தான். பிளக் இல்லாவிட்டால் நெருப்புப் பொறி வராது, பெட்ரோல் எரியாது, எஞ்சின் ஓடாது.

ஜே.ஆர்.டி. என்ன செய்திருக்கலாம்? ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தன் விமானத்தில் ஏறிப் போயிருக்கலாம். பரிசு அவர் கையில். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தன்னிடம் கூடுதலாக இருந்த பிளக்குகளை எடுத்து ஆஸ்பிக்குக் கொடுத்தார். அந்த வழியில் தன் எஞ்சினே கெட்டுப்போனால் தனக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. பதிலுக்கு ஆஸ்பி தன்னிடம் இருந்த உயிர்காக்கும் மிதவைச் சட்டையை அவருக்குக் கொடுத்தார். ஏன்னா ஜே.ஆர்.டி. இனிமேல்தான் கடலைத் தாண்ட வேண்டும். ரெண்டு பேரும் போட்டியாளர்கள். ஆனால் ஒருத்தர் உயிரை ஒருத்தர் நினைத்துப் பார்த்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? ஆஸ்பி கராச்சிக்கு முதலில் வந்து சேர்ந்துவிட்டார். சில மணி நேர வித்தியாசத்தில் ஜே.ஆர்.டி. தோற்றார். மன்மோகன் சிங் குறித்த காலத்தைத் தாண்டிவிட்டதால் அவருக்கும் பரிசு இல்லை. 500 பவுன் ஆஸ்பிக்கே போனது. அதே ஆஸ்பி எஞ்சினியர் 1960இல் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார்! ஜே.ஆர்.டி. பரிசை இழந்தார், ஆனால் நம் நாட்டுக்கு ஒரு தளபதி கிடைத்தார்.

நம்ம பள்ளி விளையாட்டு விழாவில் பக்கத்து லேனில் ஓடுகிறவருக்குச் செருப்பு வார் அறுந்தால் நாம நிற்போமா? யோசித்துப் பாருங்கள்.

துணி இறக்கை விமானம்

அந்தக் காலத்து விமானம் இப்போ நம்ம தலைக்கு மேல் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும் விமானம் மாதிரி கிடையாது. அதன் இறக்கைகள் எதனால் ஆனவை என்று படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. துணி! மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அது சுருங்கி விறைப்பாக நிற்பதற்கு ஒரு வகை வார்னிஷ் பூசுவார்கள். துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அப்படியானால் ஜே.ஆர்.டி. ஆகாயத்தில் நம்பிப் போனது யாரோ ஒரு நெசவாளர் நெய்த துணியைத்தான். நம்ம ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

விமானத்தில் ஒரே ஒரு எஞ்சின். ரேடியோ கிடையாது. கீழே இருந்து வழி சொல்ல ஆள் கிடையாது. மேகம் எங்கே இருக்கு, மழை எங்கே பெய்யுது என்று முன்கூட்டிச் சொல்பவர் கிடையாது. ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, ரெண்டு கண். கீழே தெரியும் ஆறு, மலை, தண்டவாளம் இவற்றைப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட விமானத்தை வைத்துத் தபால் கொண்டுபோகலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், இங்கிலாந்து விமானப்படையில் இருந்தவர். 1929 முதல் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் லண்டனிலிருந்து கராச்சி வரை தபால் கொண்டு வந்தன. ஆனால் கராச்சியில் இறங்கிய கடிதம் பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலில்தான் வர வேண்டும். அதற்குப் பல நாள் ஆகும். அந்த மிச்ச வழியையும் விமானத்திலேயே கொண்டுபோனால் என்ன என்று வின்சென்ட் கேட்டார். ஜே.ஆர்.டி. உடனே பிடித்துக்கொண்டார்.

ஆனால் வெள்ளைக்கார அரசாங்கம் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. உதவித்தொகை கேட்டதற்குக் கையை விரித்துவிட்டது. மூன்று வருஷம் எழுதி எழுதிக் கேட்டு, கடைசியில் உதவித்தொகையே வேண்டாம், கொண்டுபோகும் தபாலின் எடைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்த பிறகுதான் 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கிடைத்தது. டாடா நிறுவனம் போட்ட முதல் 2 லட்சம் ரூபாய்.

அதை வைத்துத் தொடங்கியதைப் பாருங்கள். ரெண்டு சின்ன விமானம், ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை, முழுநேர விமானி ஒருத்தர், பகுதிநேர எஞ்சினியர் ஒருத்தர், வேலை பழகும் மெக்கானிக் ரெண்டு பேர். பம்பாயில் ஜூஹு என்ற இடத்தில் கடலோரச் சேற்று மண் தரைதான் விமான நிலையம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிவிடும். அப்போது மூட்டை முடிச்சோடு பூனாவுக்குப் போய்விடுவார்கள்.

1932 அக்டோபர் 15

இந்தத் தேதியை எல்லாரும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொது அறிவுப் போட்டியில் கேட்பார்கள்.

காலை 6 மணி 35 நிமிடம். கராச்சியின் டிரிக் ரோடு விமானத்தளம். ஜே.ஆர்.டி. புஸ் மாத் என்ற சின்ன விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் தபால் மூட்டை. அதன் எடை சுமார் 25 கிலோ. அதாவது கடையில் நாம வாங்கும் ஒரு அரிசி மூட்டை எடை. அவ்வளவுதான்! அந்த ஒரு மூட்டைக்காகத்தான் மூன்று வருஷப் போராட்டம்.

வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே விமானத்துக்குப் பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! டின் டின்னாக வந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். பகல் 1 மணி 50 நிமிடத்துக்கு ஜூஹுவில் வந்து இறங்கினார். மொத்தம் 7 மணி 15 நிமிடம்.

ஆனால் தபால் அங்கேயே நிற்கவில்லை. ஜூஹுவில் காத்திருந்த வின்சென்ட், சென்னைக்கு வரவேண்டிய கடிதங்களை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ராத்திரியில் பறக்க வசதி இல்லாததால் பெல்லாரியில் தங்கினார். அப்போது பெல்லாரி நம்ம சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. மறுநாள் தபால் சென்னைக்கு வந்து சேர்ந்தது. இந்திய விமான நிறுவனம் ஒன்று நம்ம தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த முதல் தபால் இதுதான். 1938இல் இதே பாதை திருச்சி வழியாகக் கொழும்பு வரைக்கும் நீண்டது.

வின்சென்ட்டை நாம மறக்கக் கூடாது. ரெண்டாம் உலகப் போர் நடந்தபோது 1942இல் அவர் பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்துபோனார். ஜே.ஆர்.டி. என்ற பெயர் எல்லாருக்கும் தெரியுது, வின்சென்ட் பெயர் யாருக்கும் தெரியல. பாதித் தூரம் தபால் சுமந்தவர் அவர்.

நாள் தவறாத தபால்

ஒரு நாள் துணிச்சலாகப் பறந்துவிட்டால் பெயர் வாங்கிவிடலாம். மாலை போடுவார்கள், கை தட்டுவார்கள். ஆனால் அடுத்த வாரமும் அதே நேரம், அதற்கடுத்த வாரமும் அதே நேரம் பறக்க வேண்டும். மழை வந்தாலும் வெயில் அடித்தாலும். அதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று புவியியலில் படித்திருக்கிறோம். பம்பாயிலிருந்து சென்னைக்கு வர அந்த மலையைத் தாண்டித்தான் ஆகணும். ரேடியோ இல்லாத துணி விமானத்தில் அதைத் தாண்டி, 1933-34இல் ஒரு தபால்கூடத் தாமதம் இல்லாமல் 100க்கு 100 நேரம் தவறாமல் கொண்டுபோனார்கள். இதை அரசாங்கத்தின் விமானத்துறை ஆண்டறிக்கையே பாராட்டி எழுதியது. உதவித்தொகை தர மறுத்த அதே அரசாங்கம்தான்!

முதல் வருஷத்தில் அவர்கள் பறந்த தூரம் 1,60,000 மைல். பயணிகள் 155 பேர். லாபம் 60,000 ரூபாய்.

இது எப்படி முடிந்தது என்று யோசித்தேன். எங்க வீட்டுத் தறியைப் பார்த்தபோது புரிந்தது. பாவில் ஆயிரக்கணக்கான இழை இருக்கும். அதில் ஒரு இழை அறுந்தால் உடனே நாடாவை நிறுத்தி முடிச்சுப் போடணும். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால் சேலை முழுக்க ஒரு கோடு ஓடிவிடும். அவர்களும் ஒவ்வொரு முறை விமானம் இறங்கியதும் ஒவ்வொரு ஆணியையும், ஒவ்வொரு கம்பியையும் பார்த்திருந்தால்தான் இது நடந்திருக்கும். துணிச்சல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது இல்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் சரிபார்ப்பது.

கட்டியது கையை விட்டுப் போனது

1938இல் 34 வயசில் ஜே.ஆர்.டி. டாடா நிறுவனங்களின் தலைவர் ஆனார். இரும்பு, மின்சாரம், புற்றுநோய் மருத்துவமனை, விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் என்று அவர் காலத்தில் நடந்தவை நிறைய. அதையெல்லாம் எழுத இந்தச் சார்ட் தாள் போதாது. விமானக் கதைக்கே வருகிறேன்.

டாடா ஏர்லைன்ஸ் 1946இல் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8ஆம் நாள் பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் விமானம் கிளம்பியது. அந்த விமானத்தின் பெயர் மலபார் பிரின்சஸ். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நாடு தன் கொடியோடு இங்கிலாந்துக்கே பறந்து போனது! கெய்ரோ, ஜெனீவா வழியாகப் போய் லண்டனில் சரியான நேரத்தில் இறங்கியது.

ஆனால் 1953இல் அரசாங்கம் நாட்டின் எல்லா விமான நிறுவனங்களையும் தேசியமயமாக்கியது. ஓலைக் கொட்டகையிலிருந்து 21 வருஷமாகக் கட்டி வளர்த்தது, இனிமேல் அவருடையது இல்லை. ஜே.ஆர்.டி.க்கு அது பிடிக்கவில்லை. எதிர்த்து வாதாடினார். நடக்கவில்லை. அப்புறம் அரசாங்கமே அவரை ஏர் இந்தியாவுக்குத் தலைவராக இருக்கச் சொன்னது. கோபத்தில் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒத்துக்கொண்டார். சம்பளம் வாங்காமல் 25 வருஷம் அந்த வேலையைச் செய்தார்.

பேருக்குத் தலைவராக இல்லை. விமானத்தில் போகும்போதெல்லாம் கையில் ஒரு குறிப்பு நோட்டு வைத்திருப்பார். டீயும் காபியும் ஒரே நிறத்தில் இருக்கு, எது எதுன்னு தெரியல என்றுகூட எழுதி அனுப்புவார். கவுண்டரில் தூசி இருந்தால் தானே துணி எடுத்துத் துடைப்பார். கழிவறை அழுக்காக இருந்தால் தானே சுத்தம் செய்துவிட்டு வருவார். அவ்வளவு பெரிய மனிதர்!

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. எங்க தாத்தா காலத்தில் சொந்தமாகப் பட்டு வாங்கி, சொந்தச் சேலை நெய்து விற்றாங்களாம். இப்போ பட்டும் ஜரிகையும் வேறு ஒருத்தருடையது, அப்பா கூலிக்கு நெய்கிறார். அந்தச் சேலை நெய்து முடிந்ததும் வீட்டை விட்டுப் போய்விடும். எந்த ஊரில் யார் கட்டுவாங்கன்னு தெரியாது. ஆனாலும் ஒரு புட்டா இடம் மாறி விழுந்தால் அப்பா ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு பிரித்து மறுபடி நெய்வார். யாருக்குத் தெரியப் போகுது என்று அம்மா கேட்டாலும் பிரிப்பார். பொருள் நம்முடையது இல்லாமல் போகலாம். அதில் போட்ட வேலை நம்முடையதுதான். ஜே.ஆர்.டி.யும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

1978 பிப்ரவரியில் அரசாங்கம் அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அந்தச் செய்தியை அரசாங்கம் அவரிடம் முதலில் சொல்லக்கூட இல்லை. வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மனசு ரொம்ப வருத்தப்பட்டது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் மேல் இருந்த பாசம் போகவில்லை.

78 வயசில் தனியாக

1962 அக்டோபர் 15இல், முதல் தபால் விமானத்தின் 30ஆம் ஆண்டு நினைவாக, ஜே.ஆர்.டி. மறுபடியும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பழைய காலத்துச் சின்ன விமானத்தில் பறந்தார். அதோடு விட்டாரா? இல்லை. 1982 அக்டோபர் 15இல், 50ஆம் ஆண்டு நிறைவில், மூன்றாவது முறையும் பறந்தார். லெபர்ட் மாத் என்ற பழைய விமானம். ஒற்றை எஞ்சின். கூட யாரும் இல்லை. வயசு 78!

எதற்காக இந்த வயசில் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம், இளைஞர்கள் மனம் தளர்ந்து போயிருக்கிறார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரட்டும் என்பதுதான். நமக்காகத்தான் பறந்திருக்கிறார்.

1992இல் அவருக்கு நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 89ஆம் வயசில் காலமானார். பாரிசில் அடக்கம் செய்தார்கள். அவர் இறந்து 28 வருஷம் கழித்து, 2022 ஜனவரி 27ஆம் நாள் ஏர் இந்தியா மறுபடியும் டாடா குழுமத்திடமே வந்து சேர்ந்தது. பார்க்க அவர் இல்லை.

உங்களுக்குத் தெரியுமா?

மாணவிகளுக்காக இதையும் சேர்க்கிறேன். 1936ஆம் ஆண்டு லாகூரில் சரளா என்ற 21 வயசுப் பெண் தனியாக விமானம் ஓட்டினார். பிற்காலத்தில் சரளா தக்ரால் என்று புகழ் பெற்றவர் இவர்தான். அப்போது அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அவர் என்ன உடையில் பறந்தார் தெரியுமா? சேலையில்! ஆரணிச் சேலையா என்று கேட்காதீர்கள், அது எனக்குத் தெரியாது. இன்றைக்கு உலகத்திலேயே பெண் விமானிகளின் விகிதம் அதிகம் உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

நமக்கு என்ன இருக்கு?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜே.ஆர்.டி. பணக்காரர்தான். நம்மிடம் விமானம் வாங்கப் பணம் இல்லைதான். அதை மறைக்கத் தேவையில்லை. பிளெரியோ நம்ம பக்கத்து வீட்டில் இல்லை, பம்பாய் பறக்கும் மன்றம் முள்ளிப்பட்டில் இல்லை.

ஆனால் நான் எழுதியதைத் திரும்பிப் பாருங்கள். பிளக்கை எடுத்துக் கொடுக்கப் பணம் வேண்டாம், மனசு வேண்டும். மூன்று வருஷம் இல்லை இல்லை என்ற பதிலையே கேட்டும் மறுபடி எழுதப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். தபாலை நேரம் தவறாமல் கொண்டுபோகப் பணம் மட்டும் போதாது, அக்கறை வேண்டும். தன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்கே 25 வருஷம் சம்பளம் இல்லாமல் உழைக்க என்ன வேண்டும் என்று எனக்கு வார்த்தை தெரியவில்லை. எங்க அப்பாவிடம் அது இருக்கிறது. உங்க வீட்டிலும் யாரிடமாவது இருக்கும். போய்ப் பாருங்கள்.

விமானி ஆக ஆசைப்படுகிறவர்கள் இப்போதே கணக்கையும் அறிவியலையும் நன்றாகப் படியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுத்தால்தான் விமானிப் பயிற்சியில் சேர முடியும். நான் எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இன்னும் சம்மதம் வாங்கவில்லை. இந்தச் சுவர் இதழை அப்பா பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது படிப்பார் என்று நம்புகிறேன்.

பிழை இருந்தால் ஆசிரியர்கள் பொறுத்துக்கொண்டு திருத்தவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
முள்ளிப்பட்டு.